உலக விவகாரம் நம் வீட்டு விவகாரம்

(திருப்பதியில் நடைபெற்ற சங்கக் குடும்பக் கூட்டத்தில், ரயில்வே எழுத்தராகப் பணிபுரியும் நம் தோழர் ஆற்றிய உரை.)



நான் பேச்சாளன் அல்ல. புக்கிங் ஆபீஸில் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட் கொடுக்கிறவன். படித்தது பத்தாம் வகுப்பு. அதற்கு மேல் படித்ததெல்லாம் செய்தித்தாளும் சங்கத்துப் புத்தக அலமாரியும்தான். அப்படிப்பட்டவன் இன்றைக்குக் கல்லூரிப் படிப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

போன மாதம் நம் காலனியில் கொத்தனார் வேலை பார்க்கிற ஒரு தோழரின் மகள் என் வீட்டுக்கு வந்தாள். இண்டர் முடித்துவிட்டாள். நல்ல மதிப்பெண். "மாமா, சர்வதேச உறவுகள் என்று ஒரு படிப்பு இருக்கிறதாமே, அதை நான் படிக்கலாமா? அப்பா கேட்டால் சிரிக்கிறார்" என்றாள். அவள் அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர், "அண்ணே, அது கலெக்டர் மகள் படிக்கிற படிப்பு. நமக்கெதற்கு அமெரிக்காவும் ரஷ்யாவும்? ஏதாவது நர்ஸ் வேலைக்குப் படித்தால் நாளைக்குச் சோறு கிடைக்கும்" என்றார்.

அவர் சொன்னதில் தவறு காண முடியாது. கல் தூக்கிப் பிள்ளையைப் படிக்க வைக்கிறவர் சோற்றைப் பற்றித்தான் முதலில் கேட்பார். ஆனால் அந்தப் பெண்ணின் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. 'நமக்கெதற்கு உலக விவகாரம்?' என்ற கேள்விக்கு நம் குடும்பங்களின் வரலாற்றையே பதிலாகச் சொல்லலாம் என்று தோன்றியது. அதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

நம்மைக் கேட்காமல் போட்ட கையெழுத்துகள்

இந்த மண்ணிலிருந்தே தொடங்குகிறேன். சித்தூர் தனி மாவட்டம் ஆனது 1911-இல்தான். அதற்கு முன்னால் சித்தூரும் திருப்பதியும் வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. மாவட்டத்தின் தலைநகரே சித்தூர்தான். அந்த நாளில் பிஜித் தீவுக்குக் கரும்பு வெட்ட ஆள் பிடித்தார்கள். 1879-லிருந்து 1916 வரை அறுபதாயிரம் பேருக்கு மேல் கப்பலேற்றினார்கள். முதலில் கல்கத்தாவிலிருந்து மட்டும் கப்பல் போயிற்று. 1903-லிருந்து சென்னைத் துறைமுகத்திலிருந்தும் போயிற்று. அப்படித் தெற்கிலிருந்து போனவர்களில் வட ஆற்காட்டு ஜனங்கள் கணிசமானவர்கள். ஐந்து வருட ஒப்பந்தம். 'அக்ரிமெண்ட்' என்ற சொல் அந்த ஏழைகளின் வாயில் 'கிர்மிட்' ஆயிற்று. கைநாட்டு வைத்தவனுக்குப் பிஜி எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாது. காளஹஸ்திக்குப் பக்கத்தில் என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பான். அந்தக் கரும்புத் தோட்டத்துப் பெண்களின் துயரத்தைக் கேள்விப்பட்டுத்தான் பாரதியார் பாட்டு எழுதினார்.

அடுத்தது இலங்கை. இந்த அரங்கில் வெள்ளை முண்டாசு கட்டி உட்கார்ந்திருக்கிற பெரியவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர் அதை அனுபவித்தவர். தேயிலைத் தோட்டத்தில் மூன்று தலைமுறை உழைத்த மக்களை 1948-இல் ஒரு குடியுரிமைச் சட்டம் நாடற்றவர் ஆக்கியது. பிறகு 1964 அக்டோபர் 30-ஆம் தேதி டில்லியில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேர் விவகாரம் பிறகு பேசப்படும் என்றார்கள். 1974-இல் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பங்காளிகள் வைக்கோல் போரைப் பிரித்துக்கொள்வதுபோலப் பிரித்தார்கள். அந்தத் தோட்டத் தொழிலாளியின் பிரதிநிதி ஒருவர்கூட அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கவில்லை.

வந்தவர்களைத் தமிழ்நாட்டில் மட்டுமா குடியமர்த்தினார்கள்? ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் கேரளத்திலும் குடியமர்த்தினார்கள். அவர்களுக்காகவே 1969-இல் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. ஒரு குடும்பம் எந்த ஊரில் சமைக்க வேண்டும், பிள்ளை எந்த மொழியில் படிக்க வேண்டும் என்பதை இரண்டு நாட்டுத் தலைவர்கள் ஓர் அறையில் முடிவு செய்தார்கள். இதைத்தான் புத்தகத்தில் 'சர்வதேச உறவுகள்' என்கிறார்கள். அது நம் வீட்டு அடுப்பங்கரை வரைக்கும் வந்த சங்கதி.

சேஷாசலத்தில் விழுந்த மரம்

பழைய கதை வேண்டாம், இன்றைய கதை சொல் என்பீர்கள். இதோ, நிமிர்ந்து பார்த்தால் தெரிகிறதே சேஷாசலம் மலை, அதையே எடுத்துக்கொள்வோம்.

செம்மரம் இயற்கையாக வளர்வது உலகத்திலேயே நம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதியில்தான். சீனத்தில் பேரரசர்கள் காலத்திலிருந்து இந்த மரத்தில் செய்த நாற்காலிக்கும் பெட்டிக்கும் தனி மதிப்பு. இன்றைக்கும் அங்கே பணக்காரர் வீட்டுக் கூடத்தில் அது கௌரவப் பொருள். அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 1995-இல் இந்த மரம் சேர்க்கப்பட்டது. சட்டப்படி விற்க முடியாத பொருளுக்குக் கள்ளச் சந்தையில் விலை ஏறும். விலை ஏறினால் தரகன் முளைப்பான். தரகன் ஆள் தேடி எங்கே போவான்? திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்து மலைக்கிராமங்களுக்குப் போனான். வேலை இல்லாதவனிடம் ஒரு வாரக் கூலியைக் காட்டினான்.

2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சந்திரகிரிக்குப் பக்கத்துக் காட்டில் இருபது தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மோதல் என்றது காவல்துறை. பிடித்து வைத்துச் சுட்டார்கள் என்றார்கள் குடும்பத்தாரும் மனித உரிமை அமைப்பினரும். அந்த வாரம் திருப்பதியில் தமிழ் பேசிக்கொண்டு தெருவில் நடக்க நம் ஜனங்கள் எப்படித் தயங்கினார்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். மேஸ்திரிகள் வேலைக்கு வராதே என்றார்கள். மரம் வெட்டுவது குற்றம்தான், அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த வியாபாரத்தின் ஒரு முனையில் அயல்நாட்டு மாளிகை. நடுவில் துறைமுகம், கப்பல், தரகன், முதலாளி. மறு முனையில் கோடரி பிடித்த கூலிக்காரன். இந்தச் சங்கிலியில் தனக்கு அடுத்த வளையத்தைத் தாண்டி எதுவும் தெரியாதவன் அவன் ஒருவன்தான். குண்டு அவன் மீதுதான் பாய்ந்தது.

மாங்காயை எடுத்துக்கொள்ளுங்கள். சித்தூர் ஜூஸ் ஃபேக்டரிகளில் சீசனுக்குக் கூலிக்குப் போகிற பெண்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். தோத்தாபுரி, நம்மவர்கள் கிளிமூக்கு மாங்காய் என்பது, கூழாகி டப்பாவில் அடைபட்டு அரபு நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. வெளிநாட்டில் வாங்குவது குறைந்து கூழ் தேங்கினால் இங்கே மாங்காய் விலை விழுகிறது. 2025 கோடையில் கிலோவுக்கு 12 ரூபாய் என்று அரசு நிர்ணயித்து, 8 ரூபாயை ஃபேக்டரியும் 4 ரூபாயை அரசும் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்யும் நிலை வந்தது. ஃபேக்டரி வாசலில் டிராக்டர்கள் வரிசையாக நின்றன. கடல் தாண்டி நடக்கிற சண்டைக்கும் உங்கள் சீசன் கூலிக்கும் சம்பந்தம் உண்டு என்பதை அந்த வரிசையில் நின்றவர்கள் கண்ணால் பார்த்தார்கள்.

நான் படித்தேன், எனக்குப் புரியவில்லை

இப்போது என் சொந்தக் கதை ஒன்று. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் விடக்கூடாது என்பதால் சொல்கிறேன்.

2011-இல் என் மைத்துனன் வளைகுடா நாடொன்றுக்குப் போனான். அவனும் பத்தாவது பாஸ். அனுப்பி வைத்தவர் ஓர் ஏஜெண்ட். விசாவையும் ஒப்பந்தக் காகிதத்தையும் என்னிடம் கொண்டுவந்து, "மாமா, நீங்கள் படித்தவர், பார்த்துச் சொல்லுங்கள்" என்றான். நான் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். சரியாக இருக்கிறது என்றேன். அது வேலை விசா அல்ல, சுற்றிப்பார்க்கப் போகிறவனுக்குக் கொடுக்கிற விசா. சொல் எனக்குத் தெரிந்தது, அதன் பொருள் தெரியவில்லை. அங்கே போனதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். சொன்ன சம்பளத்தில் பாதிதான் கொடுத்தார்கள். எட்டு மாதம் கழித்து எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தான். அடகு வைத்த தங்கையின் சங்கிலி மூழ்கிப் போனது.

பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். இந்தியத் தூதரகங்களில் நம்மவர்களுக்கு உதவ 2009-இலேயே சமூக நல நிதி ஒன்று ஏற்படுத்தப்பட்டிருந்தது. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி ஏஜெண்ட் என்றால் அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் விதிகள் ஏஜெண்ட் வாங்கும் கட்டணத்துக்கு வரம்பு கட்டின. பிற்காலத்தில் அந்த வரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் என்று ஆயிற்று. நம்மில் எத்தனை பேர் இலட்சக் கணக்கில் கொடுத்தோம்?

இன்னொரு விஷயமும் தெரிந்தது. அது நம் பத்தாவது சர்டிபிகேட்டைப் பற்றியது. அந்தச் சட்டத்தின் கீழ், பத்தாவது தேறாதவன் வளைகுடா முதலிய பதினெட்டு நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் அனுமதி பெற வேண்டும் என்று வைத்தார்கள். சென்னையிலும் ஹைதராபாத்திலும் அந்த அலுவலகங்கள் உண்டு. அங்கே ஒப்பந்தத்தைப் பார்ப்பார்கள், பத்து லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு கட்டாயம். 2007-லிருந்து பத்தாவது தேறியவனுக்கு இந்த அனுமதி தேவையில்லை என்றானது. நாம் பெருமைப்பட்டோம். ஆனால் கவனியுங்கள்: தடை நீங்கியபோது அந்தக் காவலும் நீங்கிவிட்டது. அவன் காகிதத்தை அவனே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பத்தாவது படித்தவனுக்கு அந்த அறிவு இருக்கிறது என்று சட்டம் நினைத்துக்கொண்டது. அந்த அறிவை எந்தப் பள்ளிக்கூடம் கொடுத்தது? எனக்கு ஒருவரும் கொடுக்கவில்லை. என் மைத்துனனுக்கும் கொடுக்கவில்லை.

2024 ஜூன் 12-ஆம் தேதி குவைத்தில் மங்காஃப் என்ற இடத்தில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடத்தில் விடியற்காலையில் தீப்பிடித்து நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் மாண்டார்கள். அதில் தமிழர்களும் உண்டு, தெலுங்கர்களும் உண்டு. புலம்பெயர் தொழிலாளர் உரிமைகளுக்காக ஐக்கிய நாடுகள் சபை 1990-இல் ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. 2003-இல் அது நடைமுறைக்கு வந்தது. சிறிய நாடான இலங்கை 1996-இலேயே அதில் சேர்ந்தது. இந்தியா சேரவில்லை. ஏன் சேரவில்லை என்று நாடாளுமன்ற உறுப்பினர் ஓட்டுக் கேட்டு வரும்போது கேட்க நம்மில் யாருக்குத் தெரிந்திருந்தது? கேள்வி கேட்கவும் படிப்பு வேண்டும்.

இந்தப் படிப்பு எங்கே பிறந்தது?

இது பணக்காரர் படிப்பு என்று கொத்தனார் தோழர் சொன்னாரல்லவா, அது பாதி உண்மை. முதல் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, 1919-இல், வேல்ஸ் நாட்டில் அபரிஸ்ட்வித் என்ற ஊர்க் கல்லூரியில்தான் சர்வதேச அரசியலுக்கென்று உலகின் முதல் பேராசிரியர் பதவி ஏற்பட்டது. அந்தக் கல்லூரியில் படித்த பிள்ளைகள் போரில் செத்துப் போனார்கள். அவர்கள் நினைவாக, இனி இப்படி நடக்கக் கூடாது என்று ஒரு குடும்பம் பணம் கொடுத்தது. அந்தப் பணம் ரயில் பாதை போட்டும் நிலக்கரிச் சுரங்கம் நடத்தியும் அவர்கள் தாத்தா சேர்த்தது. ரயில்வேக்காரன் என்ற முறையில் எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. தண்டவாளம் சுமந்தவனின் வியர்வையில் வந்த படிப்பு, அவன் வீட்டுப் படியை மட்டும் ஏறவில்லை.

இந்தியாவில் 1955-இல் டில்லியில் சர்வதேச ஆய்வுகளுக்கென ஒரு கல்விக்கூடம் தொடங்கினார்கள். 1970-இல் அது ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துடன் சேர்ந்தது. நம் பக்கத்தில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் இந்தத் துறை உண்டு.

இதெல்லாம் எங்கோ இருக்கிறது என்று நினைக்காதீர்கள். இதே திருப்பதியில், நீங்கள் தினமும் பஸ்ஸில் கடந்து போகிற ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில், தென்கிழக்கு ஆசிய, பசிபிக் ஆய்வுகளுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகம் 1954-இல் தொடங்கியது. அதன் கட்டடங்களில் நம் ஜனங்கள் செங்கல் சுமந்திருக்கிறார்கள். உள்ளே என்ன படிக்கிறார்கள் என்று நாம் கேட்டதில்லை. தென்கிழக்கு ஆசியா என்றால் மலேசியா, சிங்கப்பூர், பர்மா. பசிபிக் என்றால் பிஜி. வட ஆற்காட்டு மக்கள் கூலியாகப் போன நாட்டை ஆராய்கிற துறை, அவர்கள் புறப்பட்ட மண்ணிலேயே இருக்கிறது! அந்த வகுப்பில் உட்கார நம் பிள்ளையைவிட உரிமையுள்ளவர் யார்?

உரிமை மட்டுமா, தகுதியும் இருக்கிறது. நம் பிள்ளை வீட்டில் தமிழ் பேசுகிறது, தெருவில் தெலுங்கு பேசுகிறது, பள்ளியில் ஆங்கிலம் படிக்கிறது. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. 1935-லிருந்து வருகிற 'தமிழ் முரசு' பத்திரிகையைத் தமிழறியாத ஆராய்ச்சியாளர் மொழிபெயர்ப்பாளரை வைத்துத்தான் படிக்க வேண்டும். கொத்தனார் மகள் தேநீர் குடித்துக்கொண்டே படித்துவிடுவாள்.

நடுவில் இல்லாத படி

அப்படியானால் போய்ச் சேர வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். பல்கலைக்கழகத் துறை என்பது மேல்மாடி. அங்கே போக முதலில் மூன்று வருடப் பட்டம் வேண்டும். நம் பிள்ளை பத்தாவதிலோ இண்டரிலோ நின்று, ஒரு வருடம் வேலைக்குப் போய், பிறகு படிப்பைத் தொடர நினைக்கிற பிள்ளை. அதற்கு நடுவில் ஒரு படி வேண்டும்.

அமெரிக்காவில் அந்தப் படிக்குப் பெயர் சமுதாயக் கல்லூரி. 1901-இல் ஜோலியட் என்ற ஊரில் முதல் கல்லூரி தொடங்கியது. இன்று ஏறத்தாழ ஆயிரம் இருக்கின்றன. பகலில் கடையில் வேலை பார்க்கிறவன், பிள்ளை பெற்ற தாய், வேறு நாட்டிலிருந்து குடியேறியவன், எல்லாரும் குறைந்த கட்டணத்தில் இரண்டு வருடம் படிக்கலாம். பிடித்தால் அந்த இரண்டு வருடத்தையும் கணக்கில் வைத்துக்கொண்டு பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் சேரலாம். அங்கே வெல்டிங்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள், சர்வதேச ஆய்வும் சொல்லிக் கொடுக்கிறார்கள். வெல்டிங் கற்றவனுக்கு உலகம் தெரியக் கூடாது என்று அங்கே யாரும் விதி எழுதவில்லை.

நம் நாட்டில் 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் முதல் சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. 1996-இல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டம் ஒன்றைத் தொடங்கியது. 2009-இல் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதை நாடு முழுக்க ஒரு திட்டமாக்கியது. பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் பல்கலைக்கழக மானியக் குழுவும் கல்லூரிகளுக்குப் பணம் கொடுத்தது. பள்ளியை விட்டு நின்ற ஏழைப் பிள்ளைகளுக்கு அவை நல்லதுதான் செய்தன. ஆனால் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று பாருங்கள்: ஏ.சி. மெக்கானிக், நோயாளி பராமரிப்பு, கம்ப்யூட்டர், தையல். கைக்கு வேலை கற்றுக் கொடுத்தார்கள். அந்தக் கை எந்த நாட்டுக்குப் போகிறது, அங்கே என்ன சட்டம், சம்பளம் வராவிட்டால் யாரிடம் போவது என்பதைப் பாடத்திட்டத்தில் வைக்க எவருக்கும் தோன்றவில்லை.

தேசிய கல்விக் கொள்கை 2020-இல், பட்டப்படிப்பில் ஒரு வருடம் முடித்தால் சான்றிதழ், இரண்டு வருடம் முடித்தால் பட்டயம், மறுபடி வந்து தொடரலாம் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தக் கொள்கையில் நமக்கு ஒவ்வாதவை பல உண்டு. அது வேறு கூட்டத்தில் பேச வேண்டிய விஷயம். ஆனால் காகிதத்தில் இப்படி ஒரு வழி எழுதியிருக்கும்போது, இந்தத் திருப்பதியிலே, இந்தச் சித்தூரிலே, மாலை நேரத்தில் உலக விவகாரம் கற்பிக்கிற ஒரு சமுதாயக் கல்லூரிப் பிரிவைத் தொடங்குங்கள் என்று நாம் கேட்கலாமா கூடாதா? ஸ்ரீசிட்டியில் ஜப்பான்காரனும் தைவான்காரனும் அமெரிக்கக்காரனும் ஃபேக்டரி வைத்திருக்கிறான். அங்கே வேலைக்குப் போகிற பிள்ளைக்கு முதலாளி எந்த நாட்டுக்காரன் என்பதாவது தெரிய வேண்டாமா?

சோறு போடுமா?

இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். சர்வதேச உறவுகள் என்று ஒரு காகிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தால் நாளைக் காலையே வேலை கிடைக்காது. பெரிய ஊர்களில் அந்தப் பட்டத்தோடு வேலை தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை மறைத்து உங்களிடம் ஆசை காட்டினால் நானும் ஓர் ஏஜெண்ட் ஆகிவிடுவேன்.

அதனால் நான் சொல்வது இதுதான். நர்ஸிங் படிக்கிற பெண் நர்ஸிங் படிக்கட்டும். கூடவே இதையும் படிக்கட்டும். பி.ஏ. படிக்கிற பிள்ளை அரசியலோ பொருளாதாரமோ எடுத்து, இந்தப் பாடத்தில் கவனம் வைக்கட்டும். அப்படிப் படித்த பிள்ளைக்குப் போட்டித் தேர்வு இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது, ஏற்றுமதிக் கம்பெனி இருக்கிறது, மொழிபெயர்ப்பு இருக்கிறது, வக்கீல் படிப்பு இருக்கிறது. இதில் எதுவும் இல்லாவிட்டாலும், அந்தக் காலனியில் ஒரு விசாவைப் படித்து 'இதில் கையெழுத்துப் போடாதே' என்று சொல்ல ஒருத்தி இருப்பாள். 2011-இல் என் வீட்டில் அப்படி ஒருத்தி இருந்திருந்தால் என் தங்கை கழுத்தில் சங்கிலி இருந்திருக்கும்.

நாமே தொடங்குவோம்

கல்லூரி தொடங்கட்டும் என்று மனுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். பிஜியில் கூலியாகப் போன அந்தத் தென்னிந்தியர்கள் என்ன செய்தார்கள்? 1926-இல் நாந்தி என்ற ஊரில் சாது குப்புசாமி என்பவர் தலைமையில் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் அமைத்தார்கள். அந்தச் சங்கம் பள்ளிக்கூடம் கட்டியது. இருபதுக்கு மேற்பட்ட பள்ளிகள், பிறகு ஒரு செவிலியர் கல்லூரி. கரும்பு வெட்டிய கைகள் கட்டிய பள்ளிகள் அவை. நம்மைவிட அவர்களிடம் என்ன அதிகம் இருந்தது?

ஆகவே சங்கத்தின் முன் ஒரு யோசனையை வைக்கிறேன். வரும் மாதத்திலிருந்து ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, இந்த அறையிலேயே, பன்னிரண்டு வார வகுப்பு ஒன்று நடத்துவோம். முதல் நான்கு வாரம் வரைபடமும் நம் புலம்பெயர்ந்த வரலாறும்: பிஜி, மலாயா, பர்மா, இலங்கை. அடுத்த நான்கு வாரம் பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், தூதரகம், காப்பீடு. உண்மையான காகிதங்களை வைத்துக்கொண்டே படிப்போம். கடைசி நான்கு வாரம் செய்தித்தாள்: எண்ணெய் விலை, போர், மாங்கூழ், செம்மரம். பல்கலைக்கழகத் துறைக்கு எழுதி, ஆசிரியர் யாராவது மாதம் ஒரு முறை வந்து பேசச் சொல்லிக் கேட்போம். வருவார்களா என்று தெரியாது. கேட்காமல் யாரும் வரமாட்டார்கள் என்பது மட்டும் தெரியும்.

வகுப்புக்குப் பெண்களை முதலில் அனுப்புங்கள். வெளிநாட்டுக்குப் போனவனுக்காக இங்கே காத்திருந்து, கடனைக் கட்டி, போனில் அழுகையை அடக்கிப் பேசுகிறவர்கள் அவர்கள்தான். படிக்கத் தெரியாத தாய்மார்களும் வரலாம். காதால் கேட்டுப் படிக்கலாம். கட்டணம் கிடையாது. கரும்பலகை என் செலவு.

கொத்தனார் தோழர் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அண்ணே, உங்கள் மகளை நான் டில்லிக்கு அனுப்பச் சொல்லவில்லை. பி.ஏ.வில் சேருங்கள். நர்ஸ் வேலைதான் முடிவு என்றால் நர்ஸிங்கில் சேருங்கள். ஆனால் அவள் கேட்ட கேள்விக்குச் சிரிக்காதீர்கள். உங்கள் பாட்டனிடம் கைநாட்டு வாங்கியவன் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் வாங்கியிருப்பான். நம் வீட்டில் முதல் தடவையாக ஒரு பிள்ளை 'அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது' என்று கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு அவளை அனுப்புங்கள். முடிந்தால் நீங்களும் கூட வந்து உட்காருங்கள்.